முதுமையில் சத்து மாத்திரை: யாருக்கு, எதற்கு?

லேத்தில் வேலை பார்க்கும்போது நாம் கண்ட இடத்திலெல்லாம் ஆயிலைக் கொட்டுவதில்லை. எங்கே தேய்கிறதோ அங்கேதான் விடுகிறோம். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் "அசதியா இருக்குப்பா" என்றதும், மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி "நல்ல சத்து மாத்திரையா குடுங்கண்ணே" என்று வாங்கி வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

என் ஆச்சிக்கு வயது 72. சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். 12 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வருவார். "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்பார். நான் வாங்கிக் கொடுத்த ஃபோலிக் அமிலம் கலந்த இரும்புச்சத்து மாத்திரையை ஆறு மாதம் விழுங்கினார். முகம் கொஞ்சம் தெளிந்தது. காலில் மதமதப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் டாக்டரிடம் போனால், அவர் கேட்ட முதல் கேள்வி: "பி12 டெஸ்ட் பண்ணியாச்சா?"

வைட்டமின் பி12 தினமும் தேவைப்படுவது சுமார் 2.4 மைக்ரோகிராம்தான். இறைச்சி, மீன், முட்டை, பாலில் உண்டு, காய்கறியில் கிடையாது. உணவில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். வயதானால் பலருக்கு அந்த அமிலம் குறைகிறது. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டாலும் பி12 உடம்பில் சேர்வது குறையும். ஆச்சிக்கு இந்த மூன்றுமே இருந்தன! மாத்திரையில் உள்ள பி12 எதனோடும் ஒட்டாமல் தனியாக இருப்பதால், அமிலம் குறைந்தவர்களுக்கும் சேரும். முதுமையில் மாத்திரைக்கு உண்மையான வேலை இருப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

நான் செய்த தப்பு என்ன? பி12 குறைந்தாலும் ரத்தசோகை வரும். ஃபோலிக் அமிலம் அந்தச் சோகையை மட்டும் சரிசெய்து காட்டிவிடும். நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். எச்சரிக்கை விளக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மோட்டாரை ஓட்டின கதைதான். சர்க்கரை நோயிலும் கால் மரத்துப்போகும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"சத்து மாத்திரைதானே, என்ன கெடுதல் வந்துடும்?" என்று கேட்கலாம். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. எல்லோரும் 50 முதல் 69 வயதுக்காரர்கள். பாதிப்பேருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், அதாவது கேரட்டில் இருக்கும் சத்து. நுரையீரல் புற்று குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் வந்த முடிவில், அதைச் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! வைட்டமின் ஏ, டி போன்றவை கொழுப்பில் கரைபவை. மிஞ்சினால் உடம்பிலேயே தேங்கும்.

இன்னும் சில விஷயங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போட்டால் பாதி வீண். கால்சியம் மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. வயதானவருக்கு ரத்தசோகை என்றால் குடலில் எங்காவது ரத்தக் கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பா அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஆச்சிக்கு பி12 ஊசி போட்டார்கள். இப்போது மாத்திரை. "தரை சில்லுன்னு இருக்குலே" என்று ஒருநாள் காலையில் சொன்னார். வலது கால் விரல்களில் மட்டும் இன்னும் உணர்ச்சி வரவில்லை. ரொம்ப நாள் விட்டுவிட்டதால் அது திரும்புமா என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.