இயந்திரமில்லா விமானமும் குளிரும் கால்களும்

கிளைடர் என்பது இயந்திரம் இல்லாத விமானம். பெரும்பாலும் இன்னொரு விமானம் அதைக் கயிற்றால் இழுத்துச் சென்று மேலே விடும். அதன்பின் மேலெழும் வளியை நம்பியே அது பறக்க வேண்டும். இயந்திரம் இல்லையென்றால் இரைச்சல் இல்லை, புகை இல்லை என்று நாம் மகிழலாம். வெப்பமும் இல்லை என்பதை யார் நினைக்கிறோம்? பயணிகள் விமானத்தின் உட்புறத்தைச் சூடாக்குவது இயந்திரத்திலிருந்து எடுக்கப்படும் சூடான வளியே. கிளைடர் விமானிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

நியம வளிமண்டலத்தில் ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை 6.5 பாகை செல்சியஸ் குறையும். நிலத்தில் 5 பாகை இருக்கும் ஒரு மாரிகால நாளில் 4000 மீற்றர் உயர்ந்தால் பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை. அப்படியானால் மாரியில் ஏன் பறக்கிறார்கள்? பலத்த காற்று மலைத்தொடரைக் கடந்து இறங்கும்போது மறுபக்கத்தில் அலை அலையாய் எழும். அந்த அலை கிளைடரை மிக உயரத்துக்குத் தூக்கும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகள் இதற்குப் பேர்போனவை. 1961 பெப்ரவரி 25 அன்று போல் பிக்கிள் கலிபோர்னியாவில் 14,102 மீற்றர் உயரம் சென்றார். நியம வளிமண்டலக் கணக்கின்படி அவ்வுயரத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 56.5 பாகை.

இத்தனை குளிரிலும் முதலில் வருந்துவது கால்களே. விமானி சாய்ந்தபடி, கால்களை மூக்குப் பகுதிக்குள் நீட்டி அமர்ந்திருப்பார். கண்ணாடி மூடி வழியே வரும் வெயில் தலைக்கும் மார்புக்கும் கிடைக்கும். கால்களோ நிழலில். பல கிளைடர்களில் வெளிவளி நுழையும் துளையும் மூக்கிலேதான். போதாததற்குப் பாதங்கள் உலோக மிதிகளில் பட்டுக்கொண்டிருக்கும். சுபஹுக்கு எழும்பி ஈரக் காலோடு சீமெந்துத் தரையில் நின்றுவிட்டுப் பாயில் கால் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன, ஆனால் தரை வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடுகிறது. உலோகம் அதைவிட மோசம்.

உயிரியலில் நாம் படித்தது இங்கே உதவுகிறது. உடல் குளிரும்போது இதயம், மூளை போன்ற உள்ளுறுப்புகளைக் காப்பதற்காகக் கை கால்களின் புன்னாடிகள் ஒடுங்குகின்றன. பாதத்தில் பெரிய தசைகள் இல்லை, அது தானாக உண்டாக்கும் வெப்பம் சொற்பம். அதற்கு வேண்டிய சூட்டைக் கொண்டுவருவது குருதியே. ஆகவே தலையையும் மார்பையும் சூடாக மூடினால் பாதமும் பயன்பெறும்.

சற்றுக் கால் விறைத்தால் என்ன என்று கேட்கலாம். கிளைடரின் சுக்கானை இயக்குவது பாதங்கள். தரையிறங்குமுன், குறைந்த உயரத்தில், ஓடுபாதையை நோக்கித் திரும்பும்போது கையும் காலும் ஒத்து இயங்க வேண்டும். மரத்துப்போன பாதத்துக்கு மிதியை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. வேகமும் குறைந்திருக்கும்போது சுக்கானை அளவுமீறி அழுத்தினால் ஒரு சிறகு தாழ்ந்து விமானம் சுழன்று விழலாம். அவ்வளவு தாழ்வில் அதை மீட்க உயரம் போதாது.

இதனால்தான் தடித்த சப்பாத்தை வாங்கிப் போட்டுவிட்டால் சரி என்று சொல்ல முடியாது. மிகத் தடித்த அடி மிதியின் உணர்வை மறைக்கும், அகன்ற சப்பாத்து ஒடுங்கிய இடத்தில் சிக்கும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறைகளைத் திணிப்பது இன்னும் தவறு. குருதியோட்டமும் தடைப்படும், வெப்பத்தைக் காக்கும் வளிப்படையும் நசுங்கிவிடும். ஓர் அளவு பெரிய சப்பாத்தும், கம்பளிக் காலுறை ஒன்றும், உள்ளே தடித்த கம்பள அட்டையும் போதும். காலுறை உலர்ந்திருப்பது முக்கியம். நீரின் வெப்பக் கடத்தாறு வளியினுடையதைப்போல் இருபது மடங்குக்கும் அதிகம். விமானத்தை ஈரப் புல்லில் தள்ளிச் செல்லும்போது நனைந்தாலும், ஓடி வியர்த்தாலும், ஏறுமுன் காலுறையை மாற்றிவிட வேண்டும்.

இரும்புத் தூள் அடங்கிய சூட்டுப் பொதிகளும் கடைகளில் உண்டு. இரும்பு ஒட்சியேற்றமடையும்போது வெளிவரும் வெப்பம் அது. ஆனால் சுமார் 5500 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் பாதியாகிவிடுவதால் ஒட்சிசனும் பாதியே. விமானிக்குக் குழாய் வழியே ஒட்சிசன் கிடைக்கும். சப்பாத்துக்குள் இருக்கும் இரும்புத் தூளுக்கு யார் கொடுப்பது?

மின்னால் சூடேறும் காலுறைகளுக்கு இந்தக் குறை இல்லை. என்னைக் கேட்டால் அவையே மேல். அவற்றின் மின்கலம் மட்டும் குளிரில் சோர்ந்துவிடும் என்பதால், நீண்ட கம்பி இருந்தால் அதை மேலங்கிக்குள், உடலோடு ஒட்டி வைப்பது நல்லது. கால் விறைத்த பிறகு ஆளியைப் போடுவதில் பயன் குறைவு. தரையில் இருக்கும்போதே போட வேண்டும், புன்னாடிகள் ஒடுங்குமுன்.