ஊர்ச்சபைத் தேர்தலும் முடிவைப் பற்றிய வழக்கும்

சாக்கடை சுத்தம், குப்பை அள்ளுதல், சந்தைக் கட்டடம், கடை லைசென்ஸ் ஆகிய காரியங்களைக் கவனிப்பது ஊராட்சி மன்றம் என்பது யாவரும் அறிந்ததே. பீடோர்வாசிகளான நமக்கு அது தாப்பா மாவட்ட மன்றம். மதிப்பீட்டு வரியை அதற்கே செலுத்தி வருகிறோம். பார்லிமெண்டுத் தேர்தல் வந்துவிட்டால் காப்பிக்கடையில் நடுநிசி வரை வாதாடும் நம்மவர்களிடம், இந்த மன்றத்தின் அங்கத்தினர்கள் எப்படி வருகிறார்கள் என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஊராட்சித் தேர்தல் இந்நாட்டில் நடந்ததே இல்லை என்று எண்ணும் வாலிபர்களும் உண்டு.

நடந்தது. சுதந்திரத்துக்கு முன்பே நடந்தது. 1951-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பினாங்கு ஜார்ஜ் டவுனில் முதல் நகரசபைத் தேர்தல். அடுத்த பிப்ரவரியில் கோலாலம்பூரில். 1952-இல் வந்த சட்டத்தின்படி புதுக்கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும்கூட ‘லோக்கல் கவுன்சில்’ ஏற்பட்டது. நம் பேராக் மாநிலத்தில் ஈப்போ பட்டணசபையை மக்கள் முற்போக்குக் கட்சி பிடித்தது. அதன் தலைவர்கள் டி. ஆர். சீனிவாசகம், எஸ். பி. சீனிவாசகம் என்ற வக்கீல் சகோதரர்கள். நடு அரசாங்கத்தில் ஒரு கட்சி, ஊர்ச்சபையில் வேறொரு கட்சி என்பது அக்காலத்தில் சாதாரணம். மேலிடத்தாருக்கு அது உவப்பாக இருந்திருக்க நியாயமில்லை என்பது என் எண்ணம்.

1965-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி, இந்தோனேசியாவின் எதிர்ப்பு இயக்கத்தைக் காரணம் காட்டி, அவசரகால விதியின் கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம் என்றே சொல்லப்பட்டது. மறு வருஷமே அந்த எதிர்ப்பு முடிவுக்கு வந்தது; தேர்தல் திரும்பவில்லை. ஊராட்சி மன்றங்களைப் பற்றி விசாரிக்க 1965-இல் ஓர் அரச கமிஷன் அமைத்தார்கள். அதன் தலைவர் நம் தமிழரான செனட்டர் ஆதி நாகப்பன். ஜான்ஸி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர். தேர்தல் முறையே வேண்டும் என்று அந்தக் கமிஷன் 1968-இல் சிபாரிசு செய்தது. அது ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலை அடியோடு எடுத்துவிட்டது. அச்சட்டப்படி, தலைவரைத் தவிர எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் அங்கத்தினர்களை மாநில அரசே நியமிக்கிறது. பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேற்படக் கூடாது. மறுபடி நியமிக்கத் தடையில்லை.

‘தேர்தல் வைத்தால் கள்ள ஓட்டு, கலகம், கோர்ட்டு வழக்கு, இதெல்லாம் எதற்கு? நியமனம் செய்தால் சச்சரவு இல்லையே’ என்று சொல்வோர் நம்மிடையேயும் இருக்கிறார்கள். இவர்களுக்காக வெளிநாட்டு வழக்குகள் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது ஈரான். அந்நாட்டின் 1979-ஆம் ஆண்டுச் சாசனத்தில் ஊர்ச்சபைகள் எழுதப்பட்டிருந்தும், முதல் தேர்தல் 1999-இல்தான் நடந்தது. 2017-இல் யஸ்து நகரசபைக்கு ஸிபந்தா நிக்னாம் என்ற ஜரதுஷ்டிர மதத்தவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. தோற்ற அபேட்சகர் ஒருவர், முஸ்லிமல்லாதவர் முஸ்லிம்களின் பிரதிநிதியாக இருக்கலாமா என்று முறையிட, நிக்னாம் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். பார்லிமெண்டு ஒரு பக்கம், சட்டங்களைப் பரிசீலிக்கும் காவலர் சபை மறு பக்கமாக நின்று வாதாடினார்கள். கடைசியில், இவ்விரு சபைகளுக்கும் பிணக்கு வந்தால் தீர்த்து வைக்கும் மேல் சபை, 2018 ஜூலையில் அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. ஓட்டுப் போட்ட யஸ்து மக்களின் சொல் ஏறக்குறைய ஒரு வருஷம் அலைக்கழிந்த பிறகு நின்றது.

இரண்டாவது இந்தியாவிலுள்ள சண்டிகர் நகரம். 2024 ஜனவரி 30-ஆம் தேதி மேயர் தேர்தல். மொத்தம் 36 ஓட்டுகள். ஆம் ஆத்மி, காங்கிரஸ் கூட்டணியின் குல்தீப் குமாருக்கு 20, பாரதீய ஜனதா அபேட்சகருக்கு 16 விழுந்தன. தேர்தல் நடத்திய அதிகாரியோ குல்தீப் குமாரின் ஓட்டுச் சீட்டுகளில் எட்டைச் செல்லாது என்று தள்ளிவிட்டு, 16-க்கு 12 என்று முடிவு கூறினார். அவரே சீட்டுகளில் பேனாவால் கோடிட்டது கேமராவில் பதிவாகியிருந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அதற்குள் குல்தீப் குமார் பக்கத்தில் மூன்று அங்கத்தினர்கள் கட்சி மாறிவிட்டார்கள்! மறு தேர்தல் என்று உத்தரவானால் முடிவே மாறியிருக்கும். நீதிபதிகள் அந்தச் சீட்டுகளைத் தருவித்துத் தாங்களே பார்த்து, எட்டும் செல்லும் என்று பிப்ரவரி 20-ஆம் தேதி தீர்ப்பளித்து, குல்தீப் குமாரே மேயர் என்று அறிவித்தார்கள்.

கடைக்காரனாகிய எனக்கு இது நன்றாகப் புரிகிறது. பற்று வரவில் வாடிக்கைக்காரருக்குச் சந்தேகம் வந்தால் பேரேட்டைப் புரட்டிக் காட்டலாம். பேரேடே எழுதாத கடையில் எதைப் புரட்டுவது? சண்டிகரில் அதிகாரி தவறு செய்தார். ஆனால் சீட்டு இருந்தது. நியமனத்தில் திறந்து பார்க்கச் சீட்டு ஏது? நமது நாட்டிலேயே பார்லிமெண்டு, சட்டமன்றத் தேர்தல்களின் முடிவை ஆட்சேபிக்க, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கெஸட்டில் முடிவு வெளியான 21 நாளுக்குள் ஹைகோர்ட்டில் மனுச் செய்யலாம். தோற்ற அபேட்சகர் மட்டுமல்ல, அத்தொகுதியின் சாதாரண ஓட்டரும் செய்யலாம். ஊராட்சி அங்கத்தினர் விஷயத்தில் அப்படி ஒரு மனுவுக்கு இடமே இல்லாமற் போயிற்று.

பினாங்கு மாநிலம் இதை மாற்ற முயன்றது. 2012-இல் தன் சட்டமன்றத்தில் ஊராட்சித் தேர்தல் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரமில்லை என்று 2014 ஆகஸ்டில் கூட்டரசுக் கோர்ட்டு கூறிவிட்டது. ஆகவே இனி இது பார்லிமெண்டு செய்ய வேண்டிய காரியம். ஓட்டுக் கேட்டு வருவோரிடம் இந்த ஒரு கேள்வியையாவது நம்மவர்கள் கேட்கலாம்.

அதுவரைக்கும் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நமக்குள்ள சில உரிமைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. 10-ஆம் பிரிவின்படி, நியமிக்கப்படும் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் அந்த மன்ற எல்லைக்குள் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். 23-ஆம் பிரிவின்படி, மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்களைப் பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் போய்ப் பார்க்கலாம்; கமிட்டிக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. வரி மதிப்பீட்டுப் பட்டியலில் உங்கள் வீடோ கடையோ அதிகமாக மதிக்கப்பட்டிருந்தால் 142-ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். குறித்த பரிசீலனை நாளுக்குப் பதினான்கு நாளாவது முன்னதாக அந்த ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். மன்றத்தின் முடிவு திருப்தியளிக்காவிட்டால் 145-ஆம் பிரிவு ஹைகோர்ட்டுக்கு வழிவிடுகிறது. நோட்டீஸ் வந்தால் அதைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் போட்டு வைக்காமல், அன்றைக்கே தேதியைப் பார்த்துக்கொள்ளவும்.