புத்தொழிலுக்கு ஊர் தேர்தல்

புதியதோர் அறிவுத்தொழில் தொடங்கக் கருதுவார்க்கு முதற்கண் எழும் வினா யாதெனின், 'எவ்வூரில் தொடங்குவது?' என்பதே. கணினி நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு எழும் இளம் நிறுவனங்களை இக்காலத்தார் புத்தொழில் என்பர். இவற்றிற்குக் கரிசல் நிலமும் நிலக்கரியும் வேண்டா. மேசையும் மின்னும் இணையமும் இருப்பின் எவ்வூரும் ஏற்றதே என்பார் உளர். அங்ஙனமாயின் அவை சென்னையிலும் பெங்களூரிலும் குவிவானேன்?

இது நமக்கு வெறும் ஏட்டுவினா அன்று. பழனிமலைத் தொடரின் அடியில் உள்ள பாலசமுத்திரம் நம் ஊர். நம் தமையனார் கணினி கற்றுப் பெங்களூரில் பணிபுரிகின்றார். பொங்கலுக்கு வந்தால் மூன்றாம் நாளே மூட்டை கட்டுவார். அவரோடு பயின்றாருள் ஊரில் தங்கினார் மிகச் சிலர். ஆதலின் இதனை ஆராயப் புகுந்தோம்.

முதலில் கோயம்புத்தூரை நோக்குவோம். சுற்றிலும் பருத்தி விளையும் நிலம். 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம். ஆலைகள் பெருகவே அவற்றின் பொறிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் எழுந்தன. உழவர்தம் கிணறுகளுக்கு மோட்டாரும் பம்பும் வேண்டப்படவே, பழுதுபார்த்த கைகளே அவற்றைப் படைக்கலாயின. 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தோன்றிற்று. டைடல் பூங்கா அங்குத் திறக்கப்பட்டதோ 2010இல்! கைவன்மையும் கல்வியும் முன்னர் வந்தன. மாளிகை பின்னர் வந்தது. இம்முறை கருதத்தக்கது.

அற்றேல், நூறாண்டு காத்திருக்க இயலாத ஊர் யாது செய்வது? இதற்குத் தென்காசி விடை பகரும். 1996இல் தொடங்கப்பெற்ற ஸோஹோ நிறுவனம், 2011இல் தென்காசிப் பக்கத்தில் ஒரு சிறிய அலுவலகம் நிறுவிற்று. பின்னர் மத்தளம்பாறையில் அது வளர்ந்தது. பட்டதாரிகள் வந்து சேரட்டும் என்று அந்நிறுவனம் காத்திருக்கவில்லை. பள்ளியிறுதி முடித்த மாணவர்க்கு உதவித்தொகை அளித்துத் தானே பயிற்றும் பள்ளியை முன்னரே நடத்தி வந்தது. அப்பயிற்சி பின்னர்த் தென்காசிக்கும் வந்தது. அன்றியும், தலைநகரில் எஞ்சிய சில்லறைப் பணிகளை மட்டும் அங்கு அனுப்பாது, 'ஸோஹோ டெஸ்க்' என்னும் முழுப் படைப்பினையே அவ்வூராரிடம் ஒப்புவித்தது. நம்பி ஒப்புவித்த பணியன்றோ மாந்தரை வளர்ப்பது!

ஈண்டு ஒரு தடை எழும். ஒரு நிறுவனம் உள்ள ஊர் மையமாகுமா? ஆகாது என்பதே நம் துணிபு. ஒரு முயற்சி வீழ்ந்தவிடத்து, அதிற் பணி செய்தார் அடுத்த தெருவிலேயே வேறு பணி பெறல் வேண்டும். அஃது உளதாயின்தான் இளைஞர் துணிந்து இறங்குவர். பெருநகரின் கவர்ச்சி இதுவே. தென்காசி நாற்றங்கால், கோவை விளைந்த கழனி. 2022இல் மதுரை, ஈரோடு, திருநெல்வேலி என்னும் நகரங்களில் புத்தொழில் வட்டார மையங்களை அரசு அமைத்ததும், 2024இல் விழுப்புரம், தஞ்சை, சேலம் ஆகிய இடங்களில் சிறு டைடல் பூங்காக்களைத் திறந்ததும் நன்றே. எனினும், சுவர் எழுப்புதல் எளிது. அதனுள் அமர்வாரை ஆக்குதல் அரிது.

நம் ஊரின் அயலே உள்ள பொருந்தலில், 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. இராசன் அகழ்ந்தபொழுது, கண்ணாடி மணி செய்த உலையும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட மணிகளும் கிடைத்தன. பண்டைத் தொழிலாளர் இவ்விடத்தைத் தேர்ந்தது ஏன்? மதுரையையும் சேரநாட்டையும் இணைத்த பெருவழி இப்பக்கம் சென்றது என்பர் ஆய்வாளர். வழியும் வாங்குவாரும் கைத்திறனும் ஒருங்கு கூடிய இடத்தில் தொழில் வேரூன்றும் என்பதற்கு இது சான்றாம்.

இனி நம் மாவட்டத்தை அளந்து பார்ப்போம். பாலசமுத்திரம் மையமாகும் என்று நாம் கூறோம், அது பேராசையாகும். திண்டுக்கல்லோ தகுதியுடையது. ஒட்டன்சத்திரத்துச் சந்தையில் காய்கறி அழுகுமுன் விலைபோதல் வேண்டும். இது கணினி அறிவு தீர்க்கத்தக்க இடர். காந்திகிராமத்தில் 1956 முதல் கிராமியக் கல்வி நிலையம் உளது. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் இயந்திரப் பூட்டுகளின் போட்டியால் அத்தொழில் மெலிந்தது. கைத்திறனோடு புதுக்கல்வி சேராவிடின் நேர்வது இதுவே.

முடிவாக, ஊர் தேர்வார் நிலத்தின் விலையை முதலில் வினவற்க. கற்பிப்பார் உளரோ, கைவல்லார் உளரோ, தீர்க்கத்தக்க இடர் அருகில் உளதோ என வினவுக. இக்கல்லூரியின் பழைய மாணவர்களே! நுங்களுள் நிறுவனம் நடத்துவார், பிறந்த ஊரின் அருகில் பதின்மரைப் பயிற்றி, ஒரு முழுப்பணியை அவரிடம் ஒப்புவித்துப் பாருங்கள். தமையன்மார் பொங்கல் கழிந்த பின்னும் ஊரில் தங்குதற்கு அதுவே வழியாகும்.