ஆய்வுக்கூடமும் அங்காடியும்

கல்லூரி ஆய்வுக்கூடத்திற் கண்டறியப்பெறும் புதுப்பொருள் உலக வழக்கிற்கு வரும் வழி யாது? பொருள் நன்றாயின் தானே விலைபோகும் என்பர் சிலர். அஃது அத்துணை எளிதன்று என்பதை நம் மதுரையிற் பிறந்த ஒரு முறையைக் கொண்டே ஆராய்வாம்.

ஆலையதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியார் திருப்பரங்குன்றத்தில் 1957 இல் நிறுவிய பொறியியற் கல்லூரியில் வேதியியற் பேராசிரியராய்ப் பணியாற்றியவர் இராஜகோபாலன் வாசுதேவன். குப்பையிற் கிடக்கும் பிளாஸ்டிக்கைத் தார்ச்சாலைக்கு உறுப்பாக்கல் இயலுமோ என அவர் ஆராய்ந்தார். ஏறத்தாழ 170 பாகை சென்டிகிரேடு சூடேறிய சல்லியின்மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவ, அவை உருகிக் கல்லின்மேல் மெல்லிய போர்வையாய்ப் படியும். பின்னர்ச் சேரும் தார் அதனை இறுகப் பற்றும். கல்லின் நுண்துளைகள் அடைபடுதலின் மழைநீர் எளிதிற் புகாது. தாரிலும் பத்திலொரு பங்களவு மிச்சமாம். பி.வி.சி. மட்டும் விலக்கத்தக்கது, சூடேறின் நச்சுவாயு எழுமாதலின்.

2002 இல் கல்லூரி வளாகத்திலேயே சாலையிட்டுக் காட்டினர். 2006 இல் காப்புரிமை கிட்டிற்று. ஈண்டு இரு வழிகள் பிரிந்தன: உரிமையை விற்றுப் பொருளீட்டல் ஒன்று, நாட்டுக்கு ஈதல் மற்றொன்று. பேராசிரியர் விலை பெறாது அரசுக்கு வழங்கினார்.

ஈந்தமையால் வாணிகம் பிறவாதொழிந்ததோ எனின், அன்று, வேறிடத்திற் பிறந்தது. ஒருவழிச் சாலை 1 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 டன் பிளாஸ்டிக் வேண்டும். அதனைத் திரட்டி நறுக்கி விற்கும் தொழில் தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் பலவற்றிற்குக் கிட்டிற்று. ஒப்பந்தக்காரர்க்கும் புதிய ஆலை வேண்டியதில்லை. பழைய கலவை ஆலையே போதும்.

மறுபுறமும் கூறல் முறை. உரிமை பொதுவாயின், தன் முதலிட்டு அதனைப் பரப்ப முன்வரும் நிறுவனம் அரிது. சாலைகளுக்கோ பெரும்பாலும் அரசே பணமளிப்பது. விதிநூலில் இல்லாததைத் தொட ஒப்பந்தக்காரர் தயங்குவர். இந்திய சாலைக் காங்கிரஸ் இதற்கென நெறிமுறை வெளியிட்டது 2013 இல். 5 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களை அடுத்த சாலைகளில் இம்முறையைக் கையாளுமாறு மத்திய அரசு பணித்தது 2015 இல். முதற் சாலைக்கும் அவ்வாணைக்கும் இடையே 13 ஆண்டுகள் சென்றன. பேராசிரியர்க்குப் பத்மஸ்ரீ விருது 2018 இல் வந்தது.

ஆதலின், மாணவ அன்பர்காள்! ஆராய்ச்சி ஏட்டுச் சுரைக்காயாய் நின்றுவிடாதிருக்க மூன்று வேண்டும்: இருக்கும் கருவியொடு பொருந்தும் முறை, வாங்குவோர் நம்பத்தக்க விதி, இடைநின்று உழைப்போர்க்கு ஊதியம். உரிமையை விற்பதும் ஈவதும் அவரவர் உளத்தைப் பொறுத்தன. ஆயினும், ஈவோரும் இம்மூன்றையும் முன்னரே எண்ணி ஈவாராயின், ஈகை விரைந்து பயன் தரும்.