குடியை நிறுத்திய பிறகும் நடுக்கமும் பதற்றமும் ஏன்?

மூத்தோருக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும்

நீங்கள் குடிப்பதை நிறுத்தி மூன்று வாரங்கள் ஆகின்றன. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. உங்களுக்கோ இரவில் தூக்கம் வருவதில்லை. காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது விரல்கள் லேசாக நடுங்குகின்றன. காரணம் இல்லாமல் மனம் படபடக்கிறது. "குடித்தபோது இவ்வளவு தொல்லை இல்லையே, நிறுத்தியதுதான் தவறோ?" என்று தோன்றுகிறது.

அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அதை நம்பி மீண்டும் குடிக்கத் தொடங்குபவர்கள் பலர். இந்தத் தொல்லைகள் உங்கள் உடலுக்கு மது தேவை என்பதைக் காட்டவில்லை. மது இல்லாமல் இயங்க உடல் மறுபடியும் பழகிக்கொண்டிருக்கிறது என்பதையே காட்டுகின்றன.

மூளையில் என்ன நடக்கிறது?

மூளையில் பரபரப்பைத் தணிக்கும் இரசாயனங்களும் உண்டு, தூண்டிவிடும் இரசாயனங்களும் உண்டு. இரண்டும் தராசின் இரு தட்டுகளைப் போலச் சமமாக இருக்க வேண்டும். மது, தணிக்கும் தட்டில் எடையைக் கூட்டுகிறது. பல ஆண்டுகள் தினமும் குடித்தால், மூளை அதை ஈடுகட்டத் தூண்டும் தட்டில் எடையை ஏற்றிக்கொள்கிறது. மது நின்றதும் தூண்டும் தட்டு மட்டும் கனத்துப்போகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதனால் வருபவை.

"ஒரு கிளாஸ் குடித்தால் கை நடுக்கம் நின்றுவிடுகிறது" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சில மணி நேரத்திற்கு மட்டுமே. மது இறங்கியதும் நடுக்கம் திரும்பிவிடும். மறுபடி குடிக்கத் தொடங்கினால், மூளை இத்தனை நாள் பழகியதும் வீணாகும்.

எவ்வளவு நாள் நீடிக்கும்?

• கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்திற்குள் நடுக்கம், குமட்டல், வியர்வை தொடங்கலாம்.

• முதல் நான்கு நாட்கள் ஆபத்தானவை. அதிகமாகக் குடித்து வந்த சிலருக்கு வலிப்பு வரலாம். சிலர் இல்லாததைப் பார்ப்பார்கள், குழம்பிப் பேசுவார்கள்.

• பெரும்பாலோருக்கு ஒரு வாரத்திற்குள் கடுமையான தொல்லைகள் அடங்கிவிடும்.

• அதன் பிறகு தூக்கக் குறைவு, எரிச்சல், பதற்றம், களைப்பு, கவனச் சிதறல் ஆகியவை சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட நீடிக்கலாம்.

இவை நாளுக்கு நாள் ஒரே சீராகக் குறைவதில்லை. நான்கு நல்ல நாட்களுக்குப் பிறகு ஒரு மோசமான நாள் வரும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடாமல், இந்த மாதத்தைச் சென்ற மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முக்கியக் குறிப்பு: நீங்கள் இன்னும் தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால், மருத்துவரைப் பார்க்காமல் திடீரென நிறுத்த வேண்டாம். பாதுகாப்பாக நிறுத்த மருந்துகள் உள்ளன. சிலருக்கு மருத்துவமனையில் தங்குவது நல்லது.

வயதானவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

இரத்த அழுத்தம்: மது இரத்த அழுத்தத்தை உயர்த்தும். நிறுத்திய சில வாரங்களில் அழுத்தம் குறையலாம். அப்போது முன்பு சரியாக இருந்த மாத்திரை அளவு இப்போது அதிகமாகிவிடலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களே குறைக்க வேண்டாம்.

நீரிழிவு: குடியை விட்டவர்களுக்கு இனிப்பின் மீது ஆசை கூடுவது வழக்கம். இனிப்புத் தேநீர், பலகாரம் ஆகியவற்றின் அளவைக் கவனியுங்கள். சர்க்கரை அளவை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள்.

தூக்க மாத்திரை: அண்டை வீட்டார் தரும் மாத்திரையை வாங்கிச் சாப்பிட வேண்டாம். சில தூக்க மாத்திரைகள் மது வேலை செய்யும் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. அவற்றுக்கும் அடிமையாகலாம். இரவில் கீழே விழும் அபாயமும் உண்டு.

மறைந்திருக்கும் மது: அரிஷ்டங்கள், மருந்து ஒயின்கள், சில இருமல் மருந்துகள் ஆகியவற்றில் மது இருக்கிறது. "கறுப்பு பீர் உடம்புக்குத் தெம்பு" என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். அதுவும் மதுதான்.

அன்றாடம் என்ன செய்யலாம்?

வேளைக்குச் சாப்பிடுங்கள். பசி வந்தால் நடுக்கமும் எரிச்சலும் கூடும், குடிக்கும் ஆசையும் வரும். நீண்ட காலம் குடித்தவர்கள் உடலில் வைட்டமின் பி1 குறைந்திருக்கலாம். பயறு, பருப்பு, தவிடு நீக்காத அரிசி, முட்டை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பலருக்கு உணவு மட்டும் போதாது. பி1 மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தூக்கத்தை வற்புறுத்தாதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். மதியத்திற்குப் பிறகு காப்பி, தேநீர் வேண்டாம். நடு இரவில் விழித்து அரை மணி நேரமாகியும் தூக்கம் வராவிட்டால், எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து மெல்லிய குரலில் வானொலி கேளுங்கள். தூக்கம் வந்ததும் படுக்கைக்குத் திரும்புங்கள்.

பதற்றம் வந்தால் மூச்சைக் கவனியுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்யுங்கள். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு மெல்லத் தணியும்.

குடிக்கும் ஆசை எழுந்தால் நேரத்தைக் கடத்துங்கள். அந்த ஆசை அலையைப் போன்றது. உயர்ந்து, பிறகு தானே இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தணிந்துவிடும். அதுவரை புளோக்கின் கீழே நடந்துவிட்டு வரலாம், குளிக்கலாம், யாருக்காவது போன் செய்யலாம்.

நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: பசிக்கிறதா? கோபமாக இருக்கிறேனா? தனிமையாக உணர்கிறேனா? களைப்பா? பல நேரங்களில் குடிக்கத் தோன்றுவதற்கு இவற்றில் ஒன்றுதான் காரணம்.

மாலை நேரத்தை நிரப்புங்கள். தினமும் கோப்பிக் கடையில் பீரோடு கழிந்த இரண்டு மணி நேரம் இப்போது வெறுமையாக இருக்கும். அந்த நேரத்தில் கோயிலுக்குப் போகலாம், பேரப்பிள்ளையை அழைத்து வரலாம், துடிப்பாக மூப்படையும் நிலையத்திற்குச் செல்லலாம். பழைய நண்பர்களைச் சந்திப்பதானால், மது இல்லாத இடத்தில் காலை வேளையில் சந்தியுங்கள்.

எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது?

எல்லாவற்றையும் "குடியை விட்டதால் வருவது" என்று ஒதுக்கிவிடக் கூடாது. பின்வருவனவற்றில் எது ஏற்பட்டாலும் உடனே 995 எண்ணை அழையுங்கள்:

• வலிப்பு

• திடீர்க் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது அல்லது கேட்பது

• நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம்

• பார்வை இரட்டையாகத் தெரிவது, நடையில் திடீர்த் தள்ளாட்டம்

• இரத்த வாந்தி, கறுப்பு நிற மலம்

• கீழே விழுந்து தலையில் அடிபடுவது

பதற்றமோ சோர்வோ சில வாரங்களாகியும் குறையாமல் அன்றாட வேலையைப் பாதித்தால், பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ சொல்லுங்கள். மதுவுக்கு அடியில் மறைந்திருந்த மனச்சோர்வு இப்போது வெளியே தெரியலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. குடிக்கும் நாட்டத்தைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. கல்லீரல், சிறுநீரக நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

குடும்பத்தாருக்கு

எரிச்சலான ஒரு சொல்லைக் கேட்டவுடன் "மறுபடியும் குடித்துவிட்டாரோ" என்று சந்தேகப்பட வேண்டாம். சட்டைப் பையைச் சோதிப்பதைவிட, "அப்பா, நேற்று ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்பது பயன் தரும். வீட்டில் மது வைத்திருக்க வேண்டாம். விருந்துகளில் யாராவது வற்புறுத்தினால், "டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்" என்று அவருக்காக நீங்களே சொல்லுங்கள்.

ஒரு நாள் தவறிவிட்டால்?

ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று பொருளில்லை. அதை மறைக்காமல் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ சொல்லுங்கள். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் குடித்தீர்கள் என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பு காட்டும். பல நாட்கள் தொடர்ந்து அதிகமாகக் குடித்துவிட்டிருந்தால், தனியாக நிறுத்த முயலாமல் மருத்துவரைப் பாருங்கள்.

உதவிக்கு

அவசர மருத்துவ வாகனம்: 995

போதைப் பழக்க உதவித் தொலைபேசி, மனநலக் கழகத்தின் தேசியப் போதைப் பழக்க நிர்வாகச் சேவை: 6732 6837

மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவித் தொலைபேசி: 6389 2222

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், எந்த நேரத்திலும்: 1767

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, எத்தனை நாளாகக் குடிக்கவில்லை, என்னென்ன தொல்லைகள், என்னென்ன மருந்துகள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.