அடும்பங்கொடி

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்படும். நெய்தல் நிலத்து மணல்மேடுகளில் பசும்பாய் விரித்தாற்போலப் படர்ந்து கிடப்பது அடும்பங்கொடி. உப்புக்காற்றும் சுடுமணலும் அதனை வாட்டுவதில்லை. சர்க்கரைவள்ளிக் கொடியும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

அடும்பின் இலை நுனியில் பிளவுபட்டு இரு கூறாகத் தோன்றும். அதனை மானின் குளம்போடு ஒப்பிட்டுப் பாடினார் குறுந்தொகைப் புலவர் ஒருவர். 1753ஆம் ஆண்டில் இக்கொடியைத் தம் நூலில் குறித்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், ஆட்டின் அடி என்று பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்கு வழங்கினார். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்கள் காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். விதைகளோ கடல்நீரில் நெடுநாள் மிதந்தாலும் முளைக்கும் ஆற்றலை இழப்பதில்லை. ஆதலால் வெப்ப நாட்டுக் கடற்கரைகள் பலவற்றிலும் அடும்பைக் காணலாம்.

தரையோடு தவழும் இக்கொடி கணுதோறும் வேர்விட்டு மணலைப் பற்றிக்கொள்ளும். காற்று வாரிவரும் மணல் இலைகளில் தடைப்பட்டு அங்கேயே தங்கும். மணல் மூடினும் கொடி மீண்டும் மேலே தளிர்க்கும். இவ்வாறு சிறுகச் சிறுக உயரும் மேடு, பொங்கிவரும் அலைகளின் வேகத்தைத் தணிக்கும்.

கடலோர ஊர்களின் வீட்டுத் தோட்டங்களில், பிற செடிகள் தழைக்காத மணற்பரப்பிற்கு அடும்பு மிகவும் ஏற்றது. முற்றிய தண்டினை மூன்று நான்கு கணுக்கள் அமையுமாறு நறுக்கி, இரண்டு கணுக்களேனும் மணலில் புதையும்படி நடவேண்டும். மழைக்காலத் தொடக்கம் நடுவதற்கு உகந்தது. வேரூன்றும்வரை நீர் தெளித்தால் போதும். பின்னர் மிகுந்த நீரோ எருவோ வேண்டுவதில்லை. விதையிட விரும்புவோர் அதன் கடினமான தோலைச் சிறிது தேய்த்து, நீரில் ஊறவைத்து ஊன்றுதல் நலம். நிழலும் தேங்கிய நீரும் இதற்கு ஆகா. எல்லை கடந்து ஓடும் தண்டுகளை அவ்வப்போது நறுக்கிவிட வேண்டும்.

நடுவதற்குரிய துண்டுகளைத் தேடுவோர் ஒன்றை மறத்தலாகாது. கடற்கரைக் கொடியை வேரோடு பிடுங்கினால் அது காத்துநின்ற மணலைக் காற்று வாரிச் செல்லும், மேடு தாழும், ஊருக்குரிய அரண் குறையும். பக்கக் கிளைகளில் சிலவற்றை மட்டும் நறுக்கிக்கொண்டு தாய்க்கொடியை விட்டுவிடுவதே அறிவுடைமை. வீட்டு முற்றத்தை அழகு செய்யும் பொருட்டுக் கரையை வெறுமையாக்குதல் தகுமோ? காலடியில் மிதிபடும் எளிய கொடியே ஆயினும் அது ஊரைக் காக்கும் வேலி ஆகும்.