மலைச்சரிவும் பேராசிரியர் துரைராஜாவும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டம் ஒன்றில் முன்பள்ளிக்கென ஒரு சிறு கட்டடம் கட்டினோம். சமதரை கிடைக்காத இடம் அது. எனவே சரிவை வெட்டி, வெட்டிய பக்கத்தில் எட்டடி உயரத்துக்குக் கருங்கல் மதில் எழுப்பினோம். தோட்டத்து மக்களே சிரமதானமாகக் கல் சுமந்தார்கள். மேசன் அனுபவசாலி. சீமெந்திலும் நாம் குறை வைக்கவில்லை. ஐப்பசி மழையில், ஒரு சனிக்கிழமை இரவு, அந்த மதில் அப்படியே முன்னால் சாய்ந்து பின்னறையை மண்ணால் நிரப்பிவிட்டது. அது திங்கட்கிழமைக் காலையாக இருந்திருந்தால் அந்த அறையில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

மண்ணை அள்ளிக்கொண்டிருந்த வேளையில், பேராதனையில் பொறியியல் படித்த இளைஞர் ஒருவர் வந்து பார்த்தார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஃபாதர், தண்ணி வெளிய போக மதிலுக்கு ஓட்டை வச்சீங்களா?" ஓட்டை வைத்தால் மதில் பலவீனமாகிவிடும் என்று நினைத்து, இருந்த சிறு இடுக்குகளையும் பூசி அடைத்திருந்தோம். குருமடத்தில் ஆண்டுக்கணக்காகத் தத்துவமும் இறையியலும் படித்த எமக்கு, மதிலின் பின்னால் தேங்கும் நீரின் பலம் தெரிந்திருக்கவில்லை. மண்ணுக்கும் நீருக்கும் உள்ள இந்த உறவை விளக்கும்போதுதான் அந்த இளைஞர் தம் ஆசிரியர்களுக்கும் ஆசிரியராக இருந்த ஒருவரின் பெயரைச் சொன்னார். பேராசிரியர் அழகையா துரைராஜா. இந்த இதழின் பாடத்துக்கு அவரையே எடுத்துக்கொள்கிறோம்.

துரைராஜா 1934 நவம்பர் 10ஆம் திகதி யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்தார். மெதடிஸ்த மிஷனரிமார் 1838இல் ஆரம்பித்த பாடசாலை அது. கிராமத்துப் பையன் எட்டக்கூடிய தூரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் ஒரு கல்லூரி இருந்தது என்பதை வாசகர்கள் இவ்விடத்தில் குறித்துக்கொள்ளவும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1957இல் பொறியியல் பட்டம் பெற்று, அங்கிருந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். அங்கே பேராசிரியர் ரோஸ்கோவின் ஆய்வுக் குழுவில் சேர்ந்து, மண் எவ்வாறு நிற்கிறது, எவ்வாறு நழுவுகிறது என்ற ஒரே கேள்வியைச் சில ஆண்டுகள் துருவினார்.

இது பெரிய கேள்வியா என்று எவரும் கேட்கலாம். வீடு, அணை, பாலம், பாதை, லயம் எல்லாமே மண்ணின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் இரும்பைப் போலவோ கல்லைப் போலவோ மண் ஒரே சீரான பொருளல்ல. அது துகள்களும் இடைவெளிகளும் அந்த இடைவெளிகளில் காற்றும் நீரும் சேர்ந்த கலவை. இதனை விளங்கிக்கொள்ள ஒரு சிறு பரிசோதனை செய்து பார்ப்போம். கூட்டங்களில் செய்து காட்டவும் இது உகந்தது.

ஒரு சுண்டில் அரிசியை மெல்லக் கொட்டி விளிம்புவரை நிரப்புங்கள். பிறகு சுண்டை நாலைந்து தரம் தட்டுங்கள். அரிசி இறங்கும். தளர்வாகக் கிடந்த மணிகள் நெருங்கிவிட்டன. இப்போது நெருங்கிக் கிடக்கும் அரிசியில் ஒரு கரண்டிக் காம்பைக் குத்தி அசைத்துப் பாருங்கள். முதலில் இறுக்கமாக எதிர்க்கும். பின் மேற்பரப்பு சற்று மேலெழும். அதாவது, தளர்ந்த மணிகள் அசையும்போது நெருங்குகின்றன. நெருங்கிய மணிகள் அசைய வேண்டுமானால் ஒன்றையொன்று ஏறிக் கடக்க வேண்டும், அதனால் விரிகின்றன. எங்கே தொடங்கினாலும், தொடர்ந்து அசைத்துக்கொண்டே போனால், இரண்டும் கடைசியில் ஒரே நிலைக்கு வந்து சேரும். அதன்பின் கன அளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மண் வழிந்துகொண்டே போகும். இதனை மாறுநிலை என்கிறோம். கேம்பிரிட்ஜ் குழுவினர் இந்த எண்ணத்தைச் சுற்றித்தான் ஒரு முழுக் கொள்கையைக் கட்டினார்கள்.

அதில் துரைராஜாவின் பங்கு என்ன? மண்ணை நழுவச் செய்யும்போது நாம் கொடுக்கும் சக்தி எங்கே போகிறது என்று அவர் கணக்குப் பார்த்தார். ஒரு பகுதி மண் விரிவதிலோ சுருங்குவதிலோ செலவாகிறது. அந்தப் பகுதியைச் சரியாகக் கழித்துவிட்டால், எஞ்சியது துகள்களின் உராய்வில் அழிவது. தம் பரிசோதனைகளின் அளவீடுகளை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, அந்த எஞ்சிய செலவு மிக எளிமையான ஒரு விதிக்கு உட்படுவதை அவர் கண்டார். துகள்களை ஒன்றோடொன்று அழுத்தும் பாரம் எவ்வளவோ அதற்கு நேர்விகிதமாகவே அந்தச் செலவு இருந்தது. ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை 1963இல் ‘ஜியோடெக்னிக்’ என்ற ஆய்விதழில் வெளியாகிற்று. அதிலிருந்து வளர்ந்த மாதிரிக்கு, கேம்பிரிட்ஜ் ஊடாக ஓடும் கேம் ஆற்றின் பெயரால் ‘கேம் களி’ என்று பெயர். இன்று எந்த நாட்டிலும் மண் பொறியியல் படிக்கும் மாணவர் அந்தப் பெயரைக் கடக்காமல் போக முடியாது. துரைராஜாவின் அந்தக் கணக்கு இல்லாமல் இந்த மாதிரி உருவாகியிராது என்பதை, ஸ்கோஃபீல்ட் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் மறக்காமல் எழுதினார். வடமராட்சிக் கிராமத்தவர் ஒருவரின் பெயர் இப்படி உலகப் பாடப்புத்தகத்துக்குள் போயிருக்கிறது. எம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த விதியை மலைச்சரிவுக்குப் பொருத்திப் பார்ப்போம். துகள்களை அழுத்தும் பாரமே மண்ணைப் பிடித்து வைக்கிறது. மழை நீர் இறங்கி இடைவெளிகளை நிரப்பும்போது, அந்தப் பாரத்தில் ஒரு பங்கை நீர் தாங்கத் தொடங்கிவிடுகிறது. இந்த அடிப்படையை 1920களிலேயே கார்ல் டெர்சாகி என்ற அறிஞர் நிறுவியிருந்தார். நீர் தாங்கும் பங்கு கூடக்கூட, துகளுக்கும் துகளுக்கும் இடையிலான பிடி தளர்கிறது. மேலிருக்கும் மண்ணின் நிறையோ குறைவதில்லை, நீரால் இன்னும் கூடவே செய்கிறது. ஒரு கட்டத்தில் மலை கையை விடுகிறது. எமது மதிலும் இப்படித்தான் விழுந்தது. அதைத் தள்ளியது மண் மட்டுமல்ல, வெளியேற வழியில்லாமல் பின்னால் நின்ற தண்ணீரும்தான்.

கான் வெட்டும் வேலையைப் பழைய தொழிலாளர்கள் எவ்வளவு கவனமாகச் செய்தார்கள் என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். தேயிலை மலையைக் குறுக்கே அறுத்துச் செல்லும் அந்தக் கான்கள் மேல்மண் அரிக்காமல் காக்க மட்டும் வெட்டப்பட்டவையல்ல. நீரை மலைக்குள் இறங்கவிடாமல் ஓரமாக இறக்கிக் கொண்டுபோகவும் அவை உதவின. இன்று பல தோட்டங்களில் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. "கான் செத்தா மலை சாகும் சாமி" என்று ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் எம்மிடம் சொன்னார். அவர் கேம்பிரிட்ஜ் போனவரல்லர்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மலை மூடியது. அது ஆபத்தான இடம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை சரிவுகள், எத்தனை குடும்பங்கள் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அறிவு இல்லாமல் போனதால் மட்டும் இவை நேரவில்லை. பேராதனையில் இருந்த அறிவு லயத்துக்கு ஏறி வராமையும் ஒரு காரணம். எச்சரிக்கை கிடைத்தாலும் போவதற்கு வேறு நிலம் இல்லாமை இன்னொரு காரணம், அதுவே பெரியதும்கூட. துண்டு காணிக்காகக் குரல் கொடுக்கும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

துரைராஜா வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம். அவர் இலங்கைக்குத் திரும்பிக் கற்பித்தார். 1964 அளவில் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்த பொறியியல் பீடத்தில் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்தார். பின்னர் திறந்த பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கான பல்கலைக்கழகம் அது. 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அவை எத்தகைய ஆண்டுகள் என்பது தெரிந்ததே. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரமில்லை, ரயில் இல்லை, எரிபொருள் கிடைப்பது அரிது. துணைவேந்தர் சைக்கிளில் வந்து போனார் என்று அவரை அறிந்தவர்கள் இன்றும் நினைவுகூருகிறார்கள். அந்த நிலையிலும் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. 1994 ஜூன் 11ஆம் திகதி, அறுபது வயது நிறைவதற்கு முன்னரே, நோயினால் காலமானார்.

இனி, முன்னர் குறித்துக்கொள்ளச் சொன்ன இடத்துக்கு வருவோம். அதே 1934இல் நுவரெலியா மாவட்டத்து லயக் காம்பரா ஒன்றில் ஒரு பிள்ளை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். துரைராஜாவுக்கு இருந்த அதே புத்தி அந்தப் பிள்ளைக்கும் இருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலை அதன் பயனுக்குப் புறம்பே நின்றது. பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1948இல், வடமராட்சிப் பையன் பதினான்கு வயதில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மலையகத்துப் பிள்ளையின் குடும்பம் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றதாயிற்று. பிள்ளையோ அதற்கு முன்பே பெரட்டில் பெயர் கொடுத்திருக்கும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். துரைராஜாவின் பீடம் இருந்த பேராதனைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ரயிலில் சில மணி நேரமே. ஆனால் அந்தத் தண்டவாளத்தில் கொழுந்து தூளாகிக் கீழே போனதுபோலப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது, உண்மை. மலையகத்திலிருந்து பொறியியலாளரும் மருத்துவரும் வருகிறார்கள், எமது மதிலைப் பார்த்த இளைஞரும் லயத்துப் பிள்ளையே. ஆயினும் உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் படிக்க, தோட்டத்துப் பிள்ளை இன்னும் வீட்டைவிட்டு நெடுந்தூரம் போக வேண்டிய இடங்கள் பல. ஆசிரியர் இல்லை என்பதற்காகவே கலைப்பிரிவில் சேரும் பிள்ளைகளை நாம் ஒவ்வோராண்டும் சந்திக்கிறோம். கலைப்பிரிவு தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. நாமும் அந்தப் பக்கத்தவரே. விருப்பத்தால் சேர்வது வேறு, வழியில்லாமல் சேர்வது வேறு. உங்கள் வலயத்தில் உயர்தரக் கணிதப்பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் எத்தனை, அவற்றில் பௌதிக ஆசிரியர் இருக்கிறாரா என்பதை மாதர் சங்கமும் இளைஞர் மன்றமும் சேர்ந்து விசாரித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கல்வி அலுவலகத்துக்குப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

அதுவரை காத்திராமல் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 1984இல் உருவான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழை அளவையே முதற் குறியாகக் கொள்கிறது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 மி.மீ. ஆனால் எச்சரிக்கை, 150 மி.மீ. ஆனால் வெளியேறல். ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தாலும் வெளியேறத்தான் வேண்டும். பழைய அளவில் சொன்னால் ஏறத்தாழ மூன்று, நான்கு, ஆறு அங்குலம். இதை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. பக்கங்கள் நேராக உள்ள டின் ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து கொட்டிவிட்டால் போதும். நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, இறுகிப்போன கதவு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், திடீரென்று தோன்றிய ஊற்று, தெளிந்த பீலியில் கலங்கல் தண்ணீர், அல்லது ஓடிய பீலி சட்டென நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே எல்லோரும் விலக வேண்டும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அறிவிக்க வேண்டும்.

எமது மதிலை மறுபடி கட்டினோம். இம்முறை பின்னால் சல்லிக்கல் நிரப்பி, ஒவ்வொரு நான்கு அடிக்கும் ஒரு குழாய் வைத்தோம். பெருமழை நாட்களில் அந்தக் குழாய்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடுகிறது. பிள்ளைகள் கடதாசிப் படகு விடுகிறார்கள். முன்பள்ளி வாசலில் ஒரு டின் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அதை அளந்து கரும்பலகையின் மூலையில் எழுதுவது பக்கத்து லயத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையொருத்தியின் பொறுப்பு. கடந்த வாரம் அவள் எம்மிடம், தளர்ந்த மண்ணும் இறுகிய மண்ணும் கடைசியில் ஒரே நிலைக்குத்தான் வரும் என்றால் லயத்தை எந்த மண்ணில் கட்டுவது நல்லது என்று கேட்டாள். எமக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பொறியியலாளரை அடுத்த மாதம் அழைத்திருக்கிறோம்.